தண்டவாளக்குடியில் ஒரு பொய்நோன்பு

“ஏட்டி, தலைக்கு எத்தன வாளி ஊத்துன?”

“மூணு வாளி மாமி.”

“இன்னும் ரெண்டு ஊத்து. குப்பவண்டி வாடை போவல.”

“சோப்பு தீந்து போச்சு மாமி.”

“கடையில சோப்புக்கா பஞ்சம்? இங்க பாரு, நீ நல்ல புள்ளதான், நான் இல்லன்னு சொல்லல. நகை கேளு, துணி கேளு, எதுன்னாலும் கேளு. ஆனா ஒங்க வாப்பாவ இங்க கூட்டிட்டு வந்து வச்சிக்கிடணும்னு மட்டும் ஒரு நாளும் ஒன் வாயில வரப்படாது. சம்ஜா?”

“சரி மாமி.”

முப்பத்தோர் ஆண்டுகளுக்கு முன்பு, மும்பை மாநகரின் தாராவியில், தோல்பைத் தொழிற்கூடம் ஒன்றன் பின்கட்டில், மணமாகி மூன்றே நாளான ஷமீமாவுக்கும் அவள் மாமியார் நஜ்முன்னிசாவுக்கும் இடையே நிகழ்ந்த உரையாடல் இது. அன்பரே, இதனைக் கேட்ட அளவிலேயே அந்த மாமியாரை வெறுக்க விரைய வேண்டா; வெறுக்கத்தக்கவை இன்னும் பல வர இருக்கின்றன. அவர்கள் நின்று பேசிய இடத்துக்கு நான்கு முழத் தொலைவில், உப்பிட்ட ஆட்டுத்தோல்கள் ஆளுயரம் அடுக்கப்பட்டு, அடுக்கிலிருந்து கொழுப்பு கசிந்து, கசிந்த நீரில் ஈக்கள் மொய்த்து, மொய்த்த ஈக்கள் அம்மூதாட்டியின் தோளிலேயே வந்து குந்தியிருந்தன. வழிப்போக்கர் அவ்விடத்தை மூச்சடக்கி ஓடிக் கடப்பர். ஆயினும் பிறந்த நாள்தொட்டு அதனையே முகர்ந்து வளர்ந்த அம்மூக்குக்கு அது நாற்றமாகத் தோன்றவில்லை; குளித்து ஈரம் சொட்ட நின்ற இளம்பெண்ணின் கூந்தலில் இல்லாத நாற்றமே தோன்றிற்று. தன் வீட்டு நாற்றம் பிழைப்பு, பிறர் வீட்டு நாற்றம் இழிவு என்று பிரித்துணரும் வல்லமை, விலங்குகளுக்கு இல்லை, மாந்தருக்கே வாய்த்திருக்கிறது.

இனி, அந்தக் கூந்தல் பிறந்த ஊரைக் காண்போம். வைகாசி முடியும் தறுவாயில், முன்மழை ஒன்று பெய்து ஓய்ந்த முற்பகல் வேளை. செம்பூரைக் கடந்து மான்குர்த் நோக்கிச் செல்லும் பெருவழியை விட்டுப் பிரிந்து, உவர்நிலத்துச் சேற்றினூடே ஒற்றை இருப்புப்பாதை ஒன்று, செத்த பாம்பின் முதுகெலும்புபோல் வளைந்து கிடக்கிறது. அதன் கடைக்கோடிக்குச் சற்று முன்னே, அழுக்குப் பஞ்சென வானம் தாழ்ந்து தொங்க, கழிமுகத்து நீர் வற்றிச் சாம்பல்நிறச் சேறு வாய்பிளக்க, தொலைவில் மலையெனக் குவிந்த குப்பையினின்று புகை எழுந்து மேகத்தோடு கலந்து எது மேகம் எது புகை என்று அறியவொண்ணாது மயங்க, பருந்துகள் மேலே வட்டமிட, காக்கைகள் கீழே பங்கு பிரிக்க, அவ்விரண்டுக்கும் நடுவே ஓடுவேய்ந்த அறுபது வீடுகள் இருப்புப்பாதையின் இருமருங்கும் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. ஒரே நடைமேடை, அதில் ஒரு கற்பலகை இருக்கை, ஊர்ப்பெயர் தாங்க நட்ட இரண்டு இரும்புத் தூண்கள், அத்தூண்களுக்கு இடையே பெயர்ப்பலகை இல்லை, வெற்றுவெளிதான் இருக்கிறது. அயலார் இவ்வூரைக் கச்ராபட்டி என்பர், குப்பைத்தெரு என்பது பொருள். நெல்லைச் சீமையின் தென்பகுதியிலிருந்து வந்து குடியேறிய தமிழர் மட்டும் தமக்குள்ளே தண்டவாளக்குடி என்று மதிப்பாக அழைத்துக்கொள்வர்.

இவ்வூரின் வரலாறு நூற்றாண்டைக் கடந்தது. கொள்ளைநோய்க்கு அஞ்சிய வெள்ளையர் ஆட்சி, மாநகரம் நாள்தோறும் உண்டு கழித்ததையும் உடுத்துக் கிழித்ததையும் கண்காணாத தொலைவில் கொட்டக் கருதி, திறந்த பெட்டிகள் நாற்பது பூட்டிய வண்டியில் ஏற்றி இச்சேற்றுநிலத்துக்கு அனுப்பிற்று. வண்டியை நிறுத்தவும், தண்டவாளத்தை மாற்றவும், பெட்டிகளைக் கவிழ்க்கவும் ஆள்கள் வேண்டுமல்லவா? தெற்கே மழை பொய்த்த ஊர்களிலிருந்து ஏழைக் குடும்பங்கள் வந்து இறங்கின. குடிசை போட அவர்களுக்குக் காட்டப்பட்ட மேட்டுநிலம் மண்ணால் ஆனதன்று; முந்தைய ஆண்டுகளின் குப்பையால் ஆனது. அடுப்புக்குக் குழி தோண்டினால் உடைந்த புட்டியும் எலும்பும் மேலெழும்; பிணத்துக்குக் குழி தோண்டினால் யாரோ ஒரு சீமாட்டியின் சீப்பு முதலில் வெளிவரும். மலபார்க் குன்றத்து மாளிகைகளில் விருந்துண்டவர் யார், என்ன உண்டார் என்பதை அவ்விருந்தினரினும் நன்கறிந்தவர் இவ்வூரார். மாநகரத்தின் வெண்மைக்கெல்லாம் விலை இங்கே கொட்டப்பட்டது. கொட்டியவர்கள் கைகழுவிக்கொண்டார்கள். சுமந்தவர்களுக்கு நாற்றம் என்று பெயரிட்டுச் சென்றார்கள்.

இங்கே ஒரு வழக்கம் தோன்றிற்று. உலகில் வேறெங்கும் இத்தகைய வழக்கம் உண்டோ, அறியேன். குப்பைவண்டி ஊருக்குள் நுழையும்போது அதனொடு ஈக்கள் கருமுகிலெனத் திரண்டு வரும். வாய் திறந்தவர் வாயில் புகும். ஆதலின், வண்டியின் ஊதல் கேட்ட அளவில், பெண்கள் சோற்றுப்பானையைத் தட்டால் மூடிவிட்டுத் தம் வாயையும் மூடுவர். ஏசிக்கொண்டிருந்தவர் ஏச்சைப் பாதியில் நிறுத்துவர். தொட்டில் குழந்தையின் முகத்தில் முந்தானை விழும். நாற்பது பெட்டிகளும் கடந்து முடியும்வரை ஊர் முழுதும் கல்லாய் நிற்கும். ஒருமுறை மணவிழா அவையில், பெண்ணின் இசைவைக் கேட்கும் வேளையில் ஊதல் கேட்டுவிட, மணமகனும் உறவினரும் தொழுகை நடத்தும் பெரியவரும் வாய்பொத்தி வீற்றிருந்து, கடைசிப் பெட்டி கடந்த பின்னரே மணம் முடித்தார்களாம். ஷமீமாவுக்குப் பன்னிரண்டு வயதானபோது குப்பைவண்டி நின்றுபோயிற்று. சரக்குந்துகள் வேறு வழியே குப்பையைச் சுமந்து சென்றன. இருப்புப்பாதையில் இன்று நாளைக்கு இருமுறை, எண்ணெய் நிரப்பிய இரும்புக் கலங்கள் பூட்டிய கலவண்டி போகிறது. இடையிடையே வெற்றுப்பெட்டி மூன்று பூட்டிய பயணவண்டி வந்து திரும்புகிறது. ஈக்கள் போயின, வழக்கம் போகவில்லை. ஊதல் கேட்டால் ஊர் இன்றும் வாய்மூடுகிறது. தண்டவாளக்குடியின் வரலாறு என்பது வாய்மூடிய வரலாறேயாகும்.

அவ்வரலாறும் இவ்வெள்ளிக்கிழமையோடு முடிய இருந்தது. குப்பை நிரப்பி மேடான சேறு, காலம் செல்லச் செல்லப் பொன்னினும் விலையேறிய மனையாகிவிட, வானளாவிய மாடங்கள் எழுப்பும் நிறுவனம் ஒன்று அதனை வளைத்துக்கொண்டு, அறுபது வீடுகளையும் வெள்ளியன்று இடிக்க நாள் குறித்தது. ஊர் நுழைவில் அது நட்ட வண்ணப்பலகையில், வெண்கொக்குகள் பறக்கும் நீலநீர்த்துறை ஒன்று தீட்டப்பட்டு, ‘உப்பு வணிகர் வாழ்ந்த பழம்பெரும் கடல்துறை’ என்று ஆங்கிலத்தில் வரையப்பட்டிருக்கிறது. குப்பைவண்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் வரலாற்றையும் குளிப்பாட்டிவிட்டார்கள். அந்தப் பலகையின் காலடியிலேயே யாரோ வாந்தியெடுத்திருந்தார்கள். அன்று அவ்விடத்தில் பொய்யில்லாதது அது ஒன்றுதான்.

இத்தகைய ஊரில், நாற்பது ஆண்டுகள் தண்டவாளம் மாற்றும் பணி புரிந்து ஓய்ந்து, மனைவியை அடக்கம் செய்து, எண்பத்தோராம் வயதில் தனித்து வாழ்பவர் மைதீன்பிச்சை, ஷமீமாவின் தந்தை. ஒரே மகள். வேறு பற்றுக்கோடு இல்லை. மருமகன் ரஹ்மத்துல்லாவோ தாராவியில் தோல்பைத் தொழிற்கூடம் நடத்தும் செல்வர், மூன்றடுக்கு வீடு, அதில் இரண்டாண்டுகளுக்கு முன் நஜ்முன்னிசா மறைந்தபின் பூட்டியே கிடக்கும் அறை ஒன்று உண்டு. காற்றோட்டமும் குளியலறையும் உள்ள நல்ல அறை. அவ்வறையில் தன் தந்தை வந்து தங்க வேண்டும் என்னும் வேண்டுகோளை, மணமான மூன்றாம் நாள் விழுங்கியவள், மாமியார் இறந்தபின்னும் விழுங்கிக்கொண்டே இருந்தாள். ரஹ்மத்துல்லா தீயவரல்லர். மனைவி காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி காய்ச்சி ஊட்டுபவர். கடிந்து ஒரு சொல் சொல்லாதவர். ஆனால் தண்டவாளக்குடி என்றால் மட்டும் அவர் கை தானே கைக்குட்டையைத் தேடும்.

அவ்வீட்டாரின் அருவருப்பு பச்சையாக வெளிப்படுவதன்று; அது நல்லொழுக்கத்தின் போர்வை போர்த்து வரும். திங்களும் வியாழனும் விரும்பி நோற்கும் நோன்புக்கு உரிய நாள்கள் என்பதை அறிந்த நஜ்முன்னிசா, சம்பந்தி வீட்டுக்குச் செல்வதென்றால் அவ்விரு கிழமைகளிலேயே செல்வார். நீர் நீட்டினால், “நாங்க நோம்புல்லா” என்பார். நோன்பாளிகள் என்று நம்பி நெகிழும் மைதீன்பிச்சை, மாலையில் நோன்பு துறக்க உதவட்டும் என்று, கஞ்சியோ இறைச்சியோ நெய்ச்சோறோ சமைத்து மண்சட்டியில் இட்டு, தம் கட்டம்போட்ட கைலியில் முழ அகலம் கிழித்து, சட்டியை இறுக முடிந்து கையில் கொடுத்தனுப்புவார். பயணவண்டி ஊரெல்லைப் பாலத்தைக் கடந்ததும், நஜ்முன்னிசா அம்முடிச்சைச் சாளரத்தின் வழியே வீசிவிடுவார். பின்பு செம்பூர் நிலையத்தில் இறங்கி மூவரும் சுடச்சுடத் தோசை உண்பார்கள். இருபத்தொன்பது ஆண்டுகள் இவ்வாறு நடந்தது. மாமியார் மறைந்தபின் ரஹ்மத்துல்லா அதைச் செய்தார். தூயவர் என்று தம்மைக் கருதிக்கொண்ட இவர்கள், குப்பைவண்டி நின்ற பிறகும் அவ்விருப்புப்பாதையில் தவறாமல் குப்பை கொட்டியவர்கள். கொட்டியதோ ஒரு கிழவனின் கைச்சோறு.

ஷமீமா இதனையெல்லாம் பார்த்திருந்தாள், வாய்மூடியிருந்தாள். அதுமட்டுமன்று. சென்ற தை மாதத்தில், ரஹ்மத்துல்லா கைப்பேசியில் யாருக்கோ விலை சொல்லிக்கொண்டிருந்தவர், பாலம் வந்ததைக் கண்டு, “நீயே போட்டுரு” என்று கண்ணால் குறிப்புக் காட்ட, அவளே எழுந்து, பச்சைக்கட்டக் கைலித்துணியில் முடிந்திருந்த சட்டியைத் தன் கையாலேயே வெளியே எறிந்தாள். எறிந்த கையை அன்றிரவு எத்தனை முறை கழுவினாளோ, அவளே அறிவாள்.

தியாகத் திருநாள் கழிந்து இரண்டு நாள் சென்ற திங்கட்கிழமையன்று, வீட்டைக் காலி செய்ய உதவும் பொருட்டு இருவரும் புறப்பட்டனர். வண்டியில் ரஹ்மத்துல்லா, மாமனாருக்கென வாங்கிய பயணச்சீட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார்.

“வெள்ளிக்கெழம வண்டி. நெல்லைக்கு. கீழ்ப்படுக்கையே கெடச்சிருக்கு. மேலப்பாளையத்துல ஒங்க சாச்சா பேரன் ஒருத்தன் இருக்கான்லா?”

“அவன் துபாய் போயி பத்து வருசமாச்சி.”

“அப்ப பள்ளிவாசல்ல பாத்துக்கிடுவாங்க. நம்ம சனந்தானே. வயசான காலத்துல சொந்த ஊருதான் அச்சா.”

எழுபதாண்டுகளுக்கு முன் விட்டு வந்த, ஒருவரும் எஞ்சியிராத ஊரைச் சொந்த ஊர் என்று சொல்லும் அச்சொல்லைக் கேட்டு அவள் வாய் திறந்தாள். எதிர்த்தடத்தில் வேறொரு வண்டி இரைந்து கடந்தது. பழக்கம் வாயை மூடிற்று. வண்டி கடந்தபின் சொல்லலாம் என்றிருந்தாள், கடந்தபின் சொல்லவில்லை.

வீட்டின் முன்னே மூட்டைகள் கிடந்தன. மைதீன்பிச்சை வெள்ளைச் சட்டை அணிந்து, தொப்பி சரிசெய்து, நிமிர்ந்து நின்று வரவேற்றார்.

“வாங்க மருமவனே. வா புள்ள. வண்டி பிந்திட்டோ?”

“குர்லாவுல ஒரே கர்தி மாமா. மூச்சு விட எடமில்ல” என்றார் ரஹ்மத்துல்லா, கைக்குட்டையை மூக்கருகே பிடித்தபடி.

“இங்க விடுங்க மூச்ச. இங்க எடமிருக்கு” என்று அடுத்த வாயிலிலிருந்து ஒரு குரல் வந்தது. அது நுஸ்ரத்தின் குரல். ஐம்பது கடந்தவள், கணவனை இழந்தவள், நாவை இழக்காதவள். அவளும் தன் பானைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

மைதீன்பிச்சை பாய் விரித்து, தட்டு வைத்து, மூடியைத் திறந்தார். குர்பானி இறைச்சியின் ஆவி எழுந்தது. அந்தச் சேற்றுநிலத்துக் காற்றும் ஒரு கணம் மணந்தது.

“கறி நல்லா பூவா வெந்திருக்கு. நுஸ்ரத்துதான் ஆக்கித் தந்தா. ஒரு வாய் சாப்பிடுங்க மருமவனே. இந்த வீட்டுல இனி அடுப்பு எரியப் போறதில்லல்லா.”

முப்பதாண்டுப் பழக்கம் நாவைத் தானே அசைத்தது. எண்ணுவதற்கு முன் சொல் வந்துவிட்டது.

“இல்ல மாமா, நான் நோம்பு.”

அன்பரே, பெருநாளை அடுத்த மூன்று நாள்களும் இறைவன் விருந்து படைக்கும் நாள்கள். நோன்பு நோற்கக் கூடாதென்று விலக்கப்பட்ட நாள்கள். இதனைத் தண்டவாளக்குடியின் தொட்டில் குழந்தையும் அறியும். பொய்யையே பல்லாண்டு உடுத்தியவர், அது கிழிந்திருப்பதை அறியாமல் அவைக்கு வந்து நின்றார்.

“யாரு நோம்பு?” என்று நுஸ்ரத் பானையைக் கீழே வைத்தாள். “இன்னிக்கா? ஏன் மாப்பிள, தாராவியில தனியாப் பெறை பாத்தீங்களோ? எங்களுக்கெல்லாம் சனிக்கெழமையே பெருநாளு வந்துட்டுதே!”

“சும்மா இரி நுஸ்ரத்து” என்றார் மைதீன்பிச்சை. “தொழிலு தொழிலுன்னு ஓடுத மனுசன். மறந்திருக்கும். மறந்து சாப்பிட்டா நோம்பு முறியாதும்பாங்க. மறந்து நோம்பு புடிச்சா என்ன செய்யன்னு பள்ளிவாசல் அசரத்துகிட்டதான் கேக்கணும்.”

“கெழமைய மறக்கலியே மாமா! திங்கக்கெழமன்னு சரியாப் புடிச்சி வச்சிருக்காரே. பெருநாளத்தானே மறந்துட்டாரு!”

ரஹ்மத்துல்லாவின் முகம் வெளுத்தது. சட்டைப்பையில் ஒலிக்காத கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்து, “ஆங், போலோ, போலோ” என்று யாரிடமோ பேசியவாறே நடைமேடைப் பக்கம் நடந்தார். மைதீன்பிச்சை திறந்த மூடியை மெல்லத் திரும்ப மூடினார். முகத்தில் சினம் இல்லை. வியப்பும் இல்லை. அந்த வியப்பின்மைதான் ஷமீமாவின் நெஞ்சில் முதலில் தைத்தது. ஏமாற்றப்பட்டவர் முகம் அப்படி இராதே!

“வாப்பா, அந்த இரும்புப் பெட்டில என்ன இருக்கு? கட்டிரட்டா?”

“அத விடு புள்ள. பழைய துணி.”

விடவில்லை அவள். கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். துருவேறிய கொண்டியை நெம்பித் திறந்தாள். உள்ளே, சவர்க்காரம் போட்டுத் துவைத்து, நீவி, நான்காய் மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக, முழ அகலக் கைலித்துண்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. நீலக்கட்டம், சிவப்புக்கட்டம், வெளிறி நூலிழை தெரியும் பழுப்புக்கட்டம். அறுபதுக்குமேல் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே பச்சைக்கட்டத் துண்டு ஒன்று, மூலையில் எண்ணெய்க்கறை, அவள் தன் கையால் எறிந்தது.

அவள் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தந்தையைப் பார்த்தாள். பணியிலிருந்த காலத்தில் விடியற்காலையில் தண்டவாளத்தைக் காலால் அளந்து பார்க்கும் கடமை அவருக்கு இருந்ததை அவள் அறிவாள். ஓய்வு பெற்ற பின்னும், கோல் ஊன்றிப் பாலம்வரை நடப்பதை விடவில்லை என்று நுஸ்ரத் சொல்லிச் சிரித்திருக்கிறாள். எதற்காக நடந்தார் என்பதை இப்போது அத்துணி சொல்லிற்று. மருமகன் வீட்டார் எறிந்ததை வேறெவர் கண்ணும் காணுமுன், நாய் குதறிய சோற்றை ஒதுக்கி, உடைந்த சட்டியைச் சேற்றில் புதைத்து, முடிச்சவிழ்த்துத் துணியை மடியில் செருகிக்கொண்டு திரும்பியிருக்கிறார். ஊரார் பேசாமல் இருக்க வேண்டும். தன் மகள் தலைகுனியாமல் இருக்க வேண்டும். முதல் முடிச்சைக் கண்டெடுத்த அன்றே எல்லாம் அறிந்தவர், அடுத்த வருகைக்கும் அடுப்பு மூட்டியிருக்கிறார்.

“எப்பலேருந்து வாப்பா தெரியும்?”

“என்ன தெரியும்? ஒன்னுந் தெரியாது.” கிழவர் வேறெங்கோ பார்த்தார். “நல்ல துணிம்மா. வீணாப் போகப்படாதுல்லா.”

“அப்ப எதுக்கு வாப்பா திரும்பத் திரும்ப ஆக்கித் தந்தீங்க?”

அவர் சட்டியின் மூடியை நேராக்கி வைத்தார். பிறகு, “ஒரு தடவயாச்சும் நீ திங்க மாட்டியான்னுதான்” என்றார்.

குப்பைமலையைப் பார்த்து ஷமீமாவுக்கு ஒருநாளும் குமட்டியதில்லை. அழுகிய நாயின்மீது கால்வைத்துத் தாண்டியவள் அவள். இப்போது குமட்டிற்று. தன் கையை நினைந்து குமட்டிற்று. செம்பூர் நிலையத்தில் உண்ட தோசைகளை நினைந்து குமட்டிற்று. மெல்ல மெல்லப் படிந்து தன்னுள்ளேயே ஒரு குன்றாய்க் குவிந்துவிட்ட ‘சரி மாமி’களை நினைந்து குமட்டிற்று. வண்டியில் ஏற்றிக் கொட்டும் குப்பைக்கு ஓர் எல்லை உண்டு. வாய்மூடி விழுங்கும் குப்பைக்கு எல்லை ஏது?

மூடிய சட்டியைத் திறந்தாள். ஒரு துண்டு இறைச்சியை எடுத்து வாயிலிட்டாள், மென்றாள், விழுங்கினாள். தந்தை பார்த்துக்கொண்டிருந்தார், தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் பச்சைக்கட்டத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

நடைமேடையின் கற்பலகையில், பெயர்ப்பலகை இல்லாத இரு தூண்களுக்கிடையே, ரஹ்மத்துல்லா கைக்குட்டையால் மூக்கைப் பொத்தி அமர்ந்திருந்தார். அவள் வருவதைக் கண்டதும், “பாத்தியா ஷமீமா, அந்தப் பொம்பள என்ன பேச்சு பேசுதா! நீ ஒன்னும் சொல்லாம நின்னுட்ட” என்றார். அவள் அந்தத் துணியை விரித்து அவர் மடிமீது வைத்தாள். எண்ணெய்க்கறையை அவர் பார்த்தார். பச்சைக்கட்டத்தைப் பார்த்தார். தை மாதத்துப் பாலம் அவர் கண்ணில் வந்து நின்றதை அவள் கண்டாள்.

“இது... இது எப்படி இங்க?”

“எல்லாம் இருக்கு. மாமி போட்டது, நீங்க போட்டது. இது நான் போட்டது.”

அவர் கைக்குட்டை மூக்கிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. அழுக்கில்லாத வெள்ளைத்துணியும் துவைத்துத் துவைத்து வெளிறிய கைலித்துணியும் அடுத்தடுத்துக் கிடந்தன. அப்பொழுது மேற்கே, பாலத்துக்கப்பால், எண்ணெய்க் கலவண்டியின் ஊதல் எழுந்தது. நுஸ்ரத் பாதியில் பேச்சை நிறுத்தினாள். குழாயடியில் ஏசிக்கொண்டிருந்த பெண்கள் வாய்மூடினர். மூட்டை கட்டிய கைகளும் நின்றன. வெள்ளிக்கிழமை மண்ணாகப்போகும் அறுபது வீடுகளும், நூறாண்டு வழக்கம் பிழையாமல், கடைசி முறைகளுள் ஒருமுறையாக அடங்கின. வாயிற்படியில் வந்து நின்ற மைதீன்பிச்சையும் உதடுகளைக் குவித்து மூடிக்கொண்டார்.

ஒரு நகரத்தின் தூய்மை எத்தனை வாய்களை மூடிப் பெறப்பட்டது என்று எழுதும் வரலாறு எங்கும் இல்லை. எழுதக்கூடிய பலகையிலோ வெண்கொக்குகள் பறக்கின்றன. குப்பையைச் சுமந்தவர் மண்ணுக்குள் போவர். எறிந்தவர் மாடம் ஏறி அம்மண்ணின்மேலேயே குடியிருந்து, காற்று நன்றாக வருகிறது என்பர். உலகம் அவ்வாறே உருள்கிறது; உருளட்டும். ஆனால் உருளும் சக்கரத்தின் இரைச்சலுக்கு அஞ்சி ஒரு மகள் தன் சொல்லை மேலும் ஒருமுறை விழுங்குவாளாயின், அதனினும் இழிந்த நாற்றம் இந்நிலத்தில் வேறொன்று இராது. கரிய கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கற்பலகையை அதிரச் செய்து கடந்தன. ஊர் முழுதும் வாய்மூடி நிற்க, அவள் குனிந்து, கணவர் சட்டைப்பையிலிருந்த பயணச்சீட்டை எடுத்து, இரண்டாய்க் கிழித்து, சக்கரங்களினும் உரத்த குரலில், முப்பத்தோர் ஆண்டுகள் தொண்டையில் கிடந்த சொல்லை முதன்முறையாக வெளியே விட்டாள்:

“ஏங்க, எங்க வாப்பாவ நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவணும். மாமி ரூமுல அவரு இருக்கணும். இன்னிக்கே.”